அந்தக் கறையைச் சுரண்டாதே

என் கண்ணே,

முதலில் அந்த பிளேடைக் கீழே வை. மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். உன் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. நான் ஆட்டுக்கல்லின் முன்னால் கை நிறைய மாவோடு உட்கார்ந்திருந்ததால் அப்பாதான் நின்றுகொண்டே படித்துக் காட்டினார். உன் வாத்தியார் பாராட்டியது, ஹாஸ்டல் சாம்பார் தண்ணீராக இருப்பது எல்லாவற்றையும் ராகம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தவர், "படத்தின் அடியில் ஒரு கறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிளேடால் பதமாகச் சுரண்டி எடுத்துவிடப் போகிறேன்" என்ற இடம் வந்ததும் "ஐயையோ" என்று ஒரு சத்தம் போட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினார். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உனக்கு ஒரு தந்தி வந்திருக்கும். சுரண்டாதே, கடிதம் வருகிறது என்று இருக்கும். தபாலாபீசில் அதை எழுதி வாங்கிய பெண், "பையனுக்கு சொறி செரங்குங்களா? வேப்பல அரைச்சுப் பூசச் சொல்லுங்க" என்றாளாம். அப்பா அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

படத்தை நீ எடுத்துக்கொண்டு போனதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. பொங்கல் லீவு முடிந்து நீ பஸ் ஏறிய அன்றைக்கே எனக்குத் தெரியும். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியில் என் கல்யாணப் புடவை மடிப்புக் கலைந்து கிடந்தது. அதற்கு அடியில் இருந்த பெரிய உறையைக் காணோம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், கூடவே கதையையும் சொல்லியிருப்பேன். கதையை இங்கேயே விட்டுவிட்டுப் படம் மட்டும் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இத்தனை குழப்பம். நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். கறுப்பு மையால் வரைந்த படம். முகம் இல்லாத இரண்டு இருட்டு உருவங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இருவர் தோளிலும் ஒரு நீளமான கழி, கழியின் முனைகளில் ஓலை மாதிரி ஏதோ. கழியிலிருந்து தொங்குகிற துணிக்குள் சின்னதாக ஒரு கனம். பின்னால் கறுத்த மலை, மலை உச்சியில் திறந்த ஒரு கண். உன் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, செத்த குழந்தையைப் பாடையில் கொண்டு போகிறார்கள், ஓலை கட்டியிருப்பதே அதற்குச் சாட்சி என்றார்களாம். உன் வாத்தியார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த குறியீட்டு ஓவியர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினாராம். நீ அதைப் பக்கம் பக்கமாக எனக்கு எழுதியிருக்கிறாய். மண்டை ஓடும் அணைந்த மெழுகுவர்த்தியும் சாவாம். முளையும் ஜன்னலும் இறக்கையும் நம்பிக்கையாம். இந்தப் படத்தில் நம்பிக்கைக்கு இடமே கிடையாதாம், அதுதான் இதன் பெருமையாம். வருகிற கண்காட்சியில் 'குழந்தையின் கடைசி ஊர்வலம்' என்று சீட்டு எழுதி இதை மாட்டப் போகிறார்களாம். அந்தக் கறை மட்டும் போய்விட்டால் படம் சுத்தமாகிவிடுமாம்.

டேய், அந்தக் குழந்தை சாகவில்லை. மெட்ராசில் ஒரு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. காலையில் ஒழுங்காக நாஷ்டா பண்ணியதா இல்லையா என்றுதான் தெரியவில்லை. அந்தத் துணிக்குள் இருப்பது நீ. நீ சுரண்டப் பார்த்த கறை என்ன என்பதைச் சொல்வதற்குத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்திருக்கிறேன். சொல்லி முடித்தபிறகும் உனக்குச் சுரண்ட வேண்டும் என்று தோன்றினால் சுரண்டு. தோன்றாது.

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. முதல் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. இரண்டாவது ஒரு பெண். பேர் வைப்பதற்குள் போய்விட்டாள். பச்சைப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் நம் வழக்கம். அப்பா தன்னுடைய புது வேட்டியில் அவளைச் சுற்றி எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் நடந்து போனதை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தத் துணி தொங்கிய விதம் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. மூன்றாவதாக நீ வயிற்றில் வந்தபோது நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தத் தடவை எதையும் எதிர்பார்ப்பதில்லை. டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு வருவேன். வாய்க்கு ருசியாக ஒன்று கேட்கவில்லை. வளைகாப்புப் பேச்சு எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இரண்டு தடவை கை நிறைய வளையல் போட்டு, இரண்டு தடவையும் அதை நானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தவள் நான். ஏழாம் மாதத்தில் நீ நன்றாக உதைத்துக்கொண்டிருந்தாய். அதைக்கூட அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் மலரும். அந்த முகம் வாடுவதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது என்று பயந்தேன். நீ பிழைப்பாயா என்ற பயத்தைவிட, நீ பிழைப்பாய் என்று நினைப்பதற்கே எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அப்போதும் நாம் இதே வீட்டில்தான் இருந்தோம். பின்கட்டு அறையை ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருஷம் வந்தவள் மார்த்தா. பெல்ஜியம் தேசம், ஐம்பதை நெருங்கிய வயது, ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். புருஷன் செத்துப்போன பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் மலையைப் பார்க்க வந்தவள். தமிழை அவள் காய்கறிக்காரியிடம் பேரம் பேசிக் கற்றுக்கொண்டதால் அவளுக்கு உலகத்தில் எல்லாமே இரண்டு கணக்குத்தான். சாப்பாடு எப்படி என்று கேட்டால் "காரம் ஜாஸ்தி" என்பாள். மலை எப்படி என்றால் "அழகு ஜாஸ்தி". புருஷனைப் பற்றி ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரொம்ப நல்லவன். ஆயுசு கம்மி" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் காலையில் மலையைச் சுற்றிவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவாள். கட்டைப் பேனா, ஒரு புட்டி கறுப்பு மை, அவ்வளவுதான். கலரே இல்லையா என்று கேட்டதற்குக் கறுப்பு போதும் என்றாள். நீ இப்போது புத்தகத்தில் பார்க்கிறாயே, அந்த மாதிரிப் படங்களைத்தான் அவள் வரைந்தாள். அவள் தாத்தா காலத்தில் அவர்கள் தேசத்தில் அப்படி வரைகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்களாம். மூடிய கண்களோடு தண்ணீரில் மிதக்கிற தலை, விளக்குக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட விட்டில், எரிந்து முடிகிற மெழுகுவர்த்தி. ஒரு மண்டை ஓட்டின் கண் குழியிலிருந்து இரண்டு இலை விட்டு ஒரு முளை எட்டிப் பார்க்கும்; அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். எனக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டுக்கு வருகிற எல்லோரும் என்னைப் பார்த்துச் செயற்கையாகச் சிரித்தார்கள், ஊர்ச் சமாச்சாரம் பேசினார்கள், போய்விட்டார்கள். சாவு என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்த அறையில் எனக்கு மூச்சு விட முடிந்தது.

உன் அத்தைக்குத்தான் அங்கே மூச்சு விட முடியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு மூட்டை மல்லாட்டையோடு, உன் மெட்ராஸ்காரர்கள் சொல்கிற வேர்க்கடலையோடு, வந்து இறங்கியவள், மறுநாளே பின்கட்டுக்குப் போய் மண்டை ஓட்டைப் பார்த்துவிட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். "இன்னாடி இது? வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கிற வூட்டுல, மண்ட ஓட்ட வரஞ்சு செவுத்துல மாட்டி வெச்சிருக்கா! ரெண்டு புள்ளய வாரிக் குடுத்தது போதாதா? இது சூனியம்டி, சூனியம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். மார்த்தா சத்தம் கேட்டு வெளியே வந்து, தலையை ஒரு கையாலும் காற்றில் ஏதோ செடியை இன்னொரு கையாலும் காட்டி, "சாவு இல்லே அம்மா. விதை. விதை" என்று கெஞ்சினாள். அத்தை கேட்கிற ஆளா? உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மண்டியில் மல்லாட்டை எடை போட்டுக்கொண்டிருந்த அப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டு, இவளை இந்த மாசமே காலி பண்ணச் சொல்லு என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார், அக்கா முகத்தைப் பார்த்தார், தீபம் முடியட்டும், திருவிழா நேரத்தில் வேறு அறை கிடைக்காது என்று சொல்லிவிட்டுத் திரும்ப மண்டிக்கே போய்விட்டார். உன் அப்பாவின் சாமர்த்தியம் எல்லாம் இந்த மாதிரிதான்.

அந்த வருஷத் தேரோட்டத்தன்று நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. காரணம் உனக்குத் தெரியும், ஆனால் நீ இதை உன் மெட்ராஸ் சிநேகிதர்களுக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். நம் ஊரில் பிள்ளை வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டவர்கள், பிள்ளை பிறந்ததும் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டில் எடுப்பார்கள். தோகையோடு இருக்கிற கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, குழந்தையை உள்ளே போட்டு, புருஷன் ஒரு முனையும் பெண்டாட்டி ஒரு முனையுமாகத் தோளில் வைத்து நான்கு மாட வீதியும் சுற்றி வருவார்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்து பெற்றவர்கள் முகத்தை அன்றைக்குப் பார்க்கவேண்டும். அந்த முகங்களை என்னால் பார்க்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். மார்த்தா மட்டும் காலையிலேயே போய், வெயிலில் முகம் சிவந்து, மாலையில்தான் வந்தாள். வந்தவள் சாப்பிடக்கூட இல்லாமல் வரைய உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் காப்பி கொண்டு போனேன். மேஜைமேல் அந்தப் படம் இருந்தது. நீ பார்த்த அதே படம், ஆனால் ஓலையும் இல்லை, கறையும் இல்லை. இரண்டு இருட்டு ஆட்கள், வெறும் கழி, தொங்குகிற துணி. காப்பி என் புடவையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. "யாரு சொன்னா உனக்கு?" என்று கத்தினேன். "எம் பொண்ண எட்த்துக்கினு போனத உனக்கு யாரு சொன்னா?" மார்த்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் துணியைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன், ரோட்டைக் காட்டினேன், கையில் இல்லாத பிள்ளையைத் தாங்கிக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. "இல்லே, இல்லே! தேர்! நேத்து தேர்! அம்மா, அப்பா, பாப்பா. சந்தோஷம். சந்தோஷம் ஜாஸ்தி!" என்று அழுதுகொண்டே சொன்னாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவள் வரைந்தது கரும்புத் தொட்டில். தன் வாழ்நாளில் பார்த்த பெரிய சந்தோஷம் என்று நினைத்து அதை வரைந்திருக்கிறாள். மலைமேல் அந்தக் கண்கூட, இன்னும் மூன்று நாளில் ஏற்றப் போகிற தீபம்தான். ஊர் முழுவதையும் பார்க்கிற வெளிச்சத்தை அவள் பாணியில் கண்ணாகப் போட்டிருக்கிறாள்.

"கரும்பு எங்க? தோகை எங்க?" என்று கேட்டேன். தோகை வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டாளாம். "தோகை இல்லாங்காட்டி அது கரும்பு இல்ல, வெறும் கழி. வெறும் கழியில துணி தொங்குச்சின்னா எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் வேற" என்றேன். அவள் தெரியாமல் விட்டாள். நானோ என் துக்கத்தை வைத்து அவள் சந்தோஷத்தைப் படித்தேன். இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றோம். பிறகு அவள் பேனாவை மையில் தொட்டு என் கையில் கொடுத்து, "நீ போடு" என்றாள்.

கோலமாவைத் தவிர வேறெதையும் தொட்டு வரைந்த கை இல்லை என்னுடையது. தோகைகளைப் போட்டேன். அவை தென்னோலை மாதிரி இருக்கின்றன என்று உன் சிநேகிதர்கள் சொன்னதில் தப்பில்லை, எனக்கு அவ்வளவுதான் வந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும், கொடுக்கவில்லை. துணியின் மடிப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கால், வலது கால், போட்டேன். ஏன் கால் என்று கேட்டால், உன்னிடத்தில் எனக்கு அதுவரை தெரிந்திருந்தது அது ஒன்றுதான். உன் முகம் தெரியாது, குரல் தெரியாது, நீ ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் என் வலது விலாவுக்குக் கீழே தினமும் வந்து இடித்த அந்தக் கால் எனக்கு நன்றாகத் தெரியும். குதிகால், ஐந்து விரல், எல்லாம் போட்டேன். கொஞ்சம் வாத்துக் கால் மாதிரி இருந்தது. போட்டு முடித்தபிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பிறக்காத பிள்ளைக்கு நம் வீட்டில் சட்டை தைக்கமாட்டார்கள், தொட்டில் வாங்கமாட்டார்கள், பேரைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள். நான் காலையே வரைந்துவிட்டேன். ஆனாலும் அழித்துவிடு என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அழித்தால் உன்னை அழிக்கிற மாதிரி இருந்தது.

மார்த்தா அதைக் கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த அத்தை அதன் முன்னால் நின்றாள். "யாரு வரஞ்சது?" என்றாள். மார்த்தா கரும்பையும் மலையையும் தொட்டுத் தன் நெஞ்சைக் காட்டினாள். "அந்தக் காலு?" நான்தான் என்றேன். அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். "இன்னா தைரியம்டி உனக்கு! பொறக்காத புள்ளைக்குக் காலு வரையறியா? அதுவும் மலமேல அவ்ளோ பெரிய கண்ண வெச்சுக்கினு? கொண்டா அத, அடுப்புல போடறேன்" என்று கயிற்றுக்குப் போனாள். நான் குறுக்கே போய் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நான் எதிர்த்துப் பேசியது கிடையாது. "அண்ணி, அது எம் புள்ள கால். இங்க உதைக்குது, தெனமும் உதைக்குது. நீங்க வேணும்னா தொட்டுப் பாருங்க. அதை மட்டும் அடுப்புல போடாதீங்க" என்றேன். நீ என்னுடைய பிள்ளை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அத்தை ஈரக்கையை என் வயிற்றில் வைத்தாள். நீயும் சமயம் பார்த்து ஒன்று கொடுத்தாய். அவள் கையை எடுக்கவில்லை. பிறகு படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள், மலைமேல் இருந்த கண்ணைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "ஏன்டி அறிவு கெட்டவளே" என்று என் பக்கம் திரும்பினாள். "கால வரஞ்சியே, ஒரு பொட்டு வெச்சியா? இப்படியா புள்ளய மொட்டையா ஊர் கண்ணுல காட்டுவாங்க?" விறுவிறுவென்று உள்ளே போய், அவளே விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து வைத்திருக்கும் கண்மை டப்பியை எடுத்து வந்தாள். மல்லாட்டை உரித்து உரித்துக் காய்த்துப்போன கட்டைவிரலில் வழித்து, அந்தக் கால்மேல் அழுத்தமாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். மார்த்தா "ஐயோ!" என்று அலறினாள். வைத்த பொட்டில் நான் கஷ்டப்பட்டுப் போட்ட ஐந்து விரலும் மறைந்துபோயின. "இப்போ எவன் கண்ணும் படாது" என்று அத்தை விரலைத் தன் தலையில் துடைத்துக்கொண்டாள். "தம்பிய வரச் சொல்லு. மார்கழி பொறக்கறதுக்குள்ள வளையல் போட்டுடணும்."

ஆமாம், கண்ணா. நீ பிளேடால் எடுக்கப் பார்த்த கறை அதுதான். சுற்றிலும் மஞ்சளாக எண்ணெய் பரவியிருக்கும், பார். அடியில் இருப்பது என் கை; மேலே இருப்பது உன் அத்தையின் கட்டைவிரல். படத்தில் நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று உன் வாத்தியார் சொன்னாரே, இருக்கிற நம்பிக்கையெல்லாம் அந்தக் கறையில்தான் இருக்கிறது.

வளைகாப்பு ஜோராக நடந்தது. எலுமிச்சை, புளி, தேங்காய் என்று வகை வகையாகச் சாதம் கட்டினார்கள். நான் கையை நீட்டினேன். இந்தத் தடவை அழவில்லை. மார்த்தா ஒரு மூலையில் ஒதுங்கி நின்றாள். புருஷனை இழந்தவள் இந்தச் சடங்கில் கிட்ட வரக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி யாரோ அவள் காதில் போட்டிருக்கிறாள். அத்தை அதைக் கேட்டுவிட்டு, "அவ ஊர்ல அதெல்லாம் கெடையாது, அண்ணாமலையாருக்கும் அதெல்லாம் தெரியாது. நீ வாம்மா, கைய நீட்டு" என்று இழுத்து வந்து உட்காரவைத்தாள். சூனியக்காரி என்று துரத்தப் பார்த்த அதே அத்தைதான். அந்தப் பெரிய கைக்கு எந்த வளையலும் ஏறவில்லை, அத்தை சோப்பு போட்டு ஏற்றினாள். மார்த்தா கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாசியில் நீ பிறந்தாய். நடுப்பகலில், ஆஸ்பத்திரியே அதிருகிற குரலோடு. அத்தனை மயக்கத்திலும் அந்தக் குரலை நான் கேட்டேன். இன்றைக்கும் நீ லீவில் வந்து கத்திப் பேசும்போது எனக்குக் காது வலிப்பதில்லை. அத்தை உன்னை முதலில் வாங்கியபோது முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். "பரவால்ல, சரியாத்தான் வரஞ்சிருக்கா" என்று நர்சிடம் சொன்னாள். நர்சுக்கு என்ன புரிந்ததோ.

அடுத்த தீபத்துக்கு நாங்கள் தொட்டில் எடுத்தோம். நீ பத்து மாசப் பிள்ளை, நல்ல கனம். முன்னால் அப்பா, பின்னால் நான், நடுவில் மஞ்சள் புடவையில் நீ. முந்தின வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவள், அந்த வருஷம் ஊர் நடுவில், தேர் போன வீதியில், தோளில் கரும்போடு நடந்தேன். அத்தை முன்னால் போய் ஜனங்களைப் பிளந்துகொண்டே, "தள்ளுங்க, தள்ளுங்க, எம் மருமவன் வர்றான்!" என்று கத்தினாள். யாரோ எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண் ஓடிவந்து புடவையை விலக்கி உன் கன்னத்தைத் தொட்டுத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் பிள்ளை பிறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மேலக் கோபுரத்தைத் தாண்டும்போது நீ விழித்துக்கொண்டாய். புடவை மடிப்பிலிருந்து உன் வலது கால் வெளியே வந்து காற்றை உதைத்தது. நான் படத்தில் எங்கே போட்டேனோ, அதே இடத்தில். பக்கத்தில் நடந்து வந்த மார்த்தா அதைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் குதித்தாள். "கால்! கால்!" என்று கூவினாள். அரோகரா சத்தத்துக்கு மேலே அவள் சத்தம் கேட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அப்படி முழுசாக நினைத்தது அன்றைக்குத்தான். சாவு எங்கேயும் போய்விடவில்லை, தெரியும். நாளைக்கு என்னையும் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டில்தான் போவீர்கள். ஆனால் அன்றைக்கு, அந்த நான்கு வீதியிலும், எங்கள் கைதான் ஓங்கியிருந்தது.

வெயில் காலம் வந்ததும் மார்த்தா ஊருக்குப் போய்விட்டாள். மண்டை ஓட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் படத்தை என்னிடம் கொடுத்தாள். அப்புறம் நான் பேனா தொட்டு எதையும் வரையவில்லை. வாழ்நாளில் நான் வரைந்த ஓவியம் அந்தக் கால் ஒன்றுதான். நீ ஓவியக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தபோது, பாலிடெக்னிக் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவை நான் ஏன் ஒரே வார்த்தையில் அடக்கினேன் என்று இப்போது புரிகிறதா? நீ கறுப்பாக வரை, தாராளமாக வரை. மண்டை ஓடு, விட்டில், எது வேண்டுமானாலும் போடு. அதை ஒளித்து வைத்தால் அது போய்விடாது. ஆனால் எந்தப் பொருள் சாவு, எந்தப் பொருள் நம்பிக்கை என்று புத்தகம் சொல்வதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு உட்காராதே. ஒரே கழி, ஒரே துணி. அதை வைத்து மார்த்தா ஒன்று சொன்னாள், நான் ஒன்று கேட்டேன், உன் வகுப்பு இன்னொன்று சொல்கிறது. அடுத்தவர் படத்தில் உனக்கு அழுக்காகத் தெரிவதைத் துடைப்பதற்கு முன்னால், வைத்தவர்களை ஒரு வார்த்தை கேள். வைத்தவர்கள் உயிரோடு இருந்தால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவள் எதையாவது எதிர்பார்க்கப் பயந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், தைரியமாக இரு என்று பிரசங்கம் பண்ணாதே. பேனாவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்.

கண்காட்சிக்கு நாங்கள் வருகிறோம். அப்பா மண்டியில் லீவு சொல்லிவிட்டார். அத்தைக்கு ஆள் அனுப்பினோம், மத்தியானமே திரும்பி வந்துவிட்டான். நீ பொட்டைச் சுரண்டப் பார்த்ததை அவளிடம் சொல்லிவிட்டானாம்; கண்மை டப்பியோடுதான் வருவாளாம். உன் வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி வை, அவளைத் தடுக்கப் பார்க்கவேண்டாம் என்று. படத்தைச் சுவரில் மாட்டட்டும், அந்தச் சீட்டை மட்டும் கிழித்துப் போடு. நீ படத்துக்குப் பக்கத்திலேயே நில். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான்தான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதை மறந்துவிடு. யாராவது வந்து, செத்துப்போன அந்தக் குழந்தை யார் என்று கேட்டால், ஒன்றும் பேசாதே. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்கிக் காட்டு.

இப்படிக்கு,
உன்னுடைய உதை வாங்கிய,
அம்மா